விடையைப் பார்க்காமல் கணக்குப் போடு!

ஃபேன் சுவிட்சை அணைத்ததும் இறக்கை உடனே நின்றுவிடுமா? இல்லையே! கொஞ்ச நேரம் சுற்றித்தான் நிற்கும். அணு உலையில் பம்பு நின்றாலும் இப்படித்தான். குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டம் மெல்ல மெல்லக் குறையும், வெப்பம் ஏறும். உலையின் நிலை இப்படி மாறுகிற நேரத்துக்கு 'ட்ரான்சியன்ட்' என்று பெயர்.

அப்போது உலை தாங்குமா? ஒவ்வொரு உலையிலும் விபத்தை உண்டாக்கிப் பார்க்க முடியாதே! அதனால் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் உலையின் திறன், வெப்பநிலை, திரவ ஓட்டம் மூன்றையும் கணக்கிடுவார்கள். ஒன்று மாறினால் மற்றதும் மாறும்.

சரி, கம்ப்யூட்டர் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? தப்பான சூத்திரம் கொடுத்தால் தப்பான விடையைத்தான் வேகமாகச் சொல்லும்! எனவே உண்மையான சோதனையோடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.

அப்படி ஒரு சோதனை 1986 ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நடந்தது. 'இ.பி.ஆர்.-2' என்ற உலை அது. உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படுவது. அது முழுத் திறனில் ஓடும்போதே பம்புகளை நிறுத்தினார்கள். கட்டுப்படுத்தும் கழிகள் தானாக உள்ளே இறங்குவதையும் வேண்டுமென்றே தடுத்தார்கள்! பயமாக இருக்கிறதா? முன்கூட்டியே கணக்குப் போட்டு, குறைந்த திறனில் பலமுறை சோதித்த பிறகுதான் இதைச் செய்தார்கள்.

என்ன நடந்தது? சோடியத்தின் வெப்பநிலை வேகமாக ஏறியது. சூட்டில் சோடியமும் உலையின் உள்பகுதியும் விரிந்தன. அதனால் நியூட்ரான்கள் அதிகமாக வெளியேறின, அணுக்கரு பிளவு குறைந்தது. சோடியம் கொதிக்கும் 883 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே வெப்பநிலை இறங்கிவிட்டது. உலை தன்னைத் தானே அடக்கிக்கொண்டது! கணக்கு சொன்னதும் இதைத்தான்.

2012-ல் சர்வதேச அணுசக்தி முகமை இதையே ஒரு பரீட்சையாக வைத்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் முதலில் அளவீடுகளைப் பார்க்காமலேயே கணக்கிட்டார்கள். பிறகுதான் உண்மையான அளவீடுகள் தரப்பட்டன. எங்கே தப்பினோம் என்று தேடித் திருத்தினார்கள். நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இதில் பங்கேற்றது.

ஆனால் ஒன்று. ஓர் உலைக்குச் சரியான கணக்கு எல்லா உலைக்கும் பொருந்தாது. அந்தச் சோதனை நடந்த 23-ம் நாள், ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் உலை வெடித்தது. அது வேறு வகை உலை. அதில் தண்ணீர் ஆவியாக ஆவியாகப் பிளவு குறையாமல் கூடியது.

நாமும் புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் 'சரி' வரும். ஆனால் நமக்குக் கணக்கு தெரியுமா என்பது தெரியாது. முதலில் போடுவோம், பிறகு பார்ப்போம், தப்பு வந்தால் மறைக்காமல் திருத்துவோம்!