இழுப்பது வேறு, தாங்குவது வேறு

பழவங்காடி கணபதி கோயில் முன்பு புது வண்டிக்குத் தேங்காய் உடைப்பதை அன்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். கணபதியை வேண்டிக்கொள்ளும் கையோடு வண்டியின் எடைக் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. டிரெய்லர் இழுக்கும் வண்டியானால் அது கட்டாயம்.

ரயில்வேயில் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் ஓர் ஒப்புமை சொல்கிறேன். 123 டன் எடையுள்ள மின்சார இஞ்சின் ஆயிரக்கணக்கான டன் சரக்கை இழுக்கிறது. ஆனால் வாகன்களின் பாரம் இஞ்சின் மேல் ஏறுவதில்லை. ஒவ்வொரு வாகனும் தன் பாரத்தைத் தன் சக்கரங்களிலேயே தாங்குகிறது. கப்ளிங் இழுப்பதற்கு மட்டுமே.

டிரெய்லர் லாரி அப்படியல்ல. இழுக்கும் வண்டியின் பின்புறம் தட்டுப் போன்ற ஓர் அமைப்பு உண்டு. 'பிப்த் வீல்' என்று பெயர். ஆனால் ஓடும் சக்கரமல்ல. டிரெய்லரின் 'கிங் பின்' அதில் மாட்டிக்கொள்ளும். முன்பாரமும் அதில்தான் இறங்கும்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்கள், பிக்கப் வண்டிகள் வீடு போன்ற டிரெய்லரை இப்படி இழுப்பதைக் கண்டிருக்கலாம். டிரெய்லர் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் முதுகில் விழும். 6,000 கிலோ டிரெய்லரில் 20 சதவீதம் என்றால் 1,200 கிலோ. வண்டி 7,000 கிலோ இழுக்கும், 1,300 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இழுப்பதில் கவலையில்லை. தாங்குவதில் மீதி 100 கிலோதான். குடும்பம் ஏறி உட்கார்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். இஞ்சின் சளைக்காமல் இழுக்கும். டயரும் ஸ்பிரிங்கும் அச்சும் அவதிப்படும்.

நம் நாட்டிலும் அச்சுக்கு அச்சு வரம்பு உண்டு. 2018-ல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை அச்சுக்கு 19-லிருந்து 21 டன்னாகவும் உயர்த்தினார்கள். அதிக பாரத்துக்கு 2019 செப்டம்பர் முதல் அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் 2,000 ரூபாய்.

நம் ஊரிலேயே சான்று உண்டு. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காக மகாராஷ்டிரத்திலிருந்து 2019 ஜூலையில் புறப்பட்ட சுமார் 70 டன் ஆட்டோகிளேவ், 2020 ஜூலையில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்த வண்டிக்கு 74 சக்கரங்கள்! இழுப்பதற்கு அத்தனை சக்கரம் வேண்டாம். பாரத்தைப் பகிர்ந்து சாலையையும் பாலத்தையும் காப்பதற்கே வேண்டும்.

ஆகவே டிரெய்லர் மாட்டுவோர், பாரம் ஏற்றி, ஆட்களும் ஏறியபின் எடை மேடைக்குப் போய், பின் அச்சைத் தனியே நிறுத்திப் பாருங்கள். விற்பவர் சொல்லும் இழுவைத் திறனை அதற்குப் பிறகு நம்பலாம்.