குணசித்திர நடிகர் வோல்டர் பிரென்னன்

திரைப்படம் பார்த்துத் திரும்புவோர் கதாநாயகன் பெயரைச் சொல்லுவர். கதாநாயகி பெயரையும் சொல்லுவர். மூன்றாவதாக மனத்தில் நின்றவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், "அந்தக் கிழவன் என்னமாய் நடித்தான்!" என்பதோடு அமைவர். இவ்வாறு பெயரின்றிப் பாராட்டுப் பெறுவோரே குணசித்திர நடிகர். அமெரிக்கத் திரையுலகில் அவர்களுள் முதன்மையானவராக நான் கருதுபவர் வோல்டர் பிரென்னன்.

1894ஆம் ஆண்டு மசாசுசெட்ஸ் மாநிலத்து லின் நகரிற் பிறந்தவர். முதலாம் உலகப் போரிற் பீரங்கிப் படையில் இருந்தவர். பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிலம் வாங்கி விற்று, ஈட்டியதை இழந்து, 1920களிற் படப்பிடிப்புக் கூடங்களை நாடினார். கிடைத்தது கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலை. நாட்கூலி உண்டு, பெயர் திரையில் வராது. 1933இல் வெளிவந்த "த இன்விசிபிள் மேன்" படத்தில், மிதிவண்டியைப் பறிகொடுக்கும் மனிதர் இவரே. யார் கவனித்தார்?

1932இல் நேர்ந்த விபத்தொன்றிற் பல பற்களை இழந்தார். அதுவே தொழிலுக்கு முதலாயிற்று. பொய்ப்பல்லைக் கழற்றினால் கன்னம் ஒட்டும், சொல் குழறும், நாற்பது வயதுக்காரர் எழுபதாகிவிடுவார். 1935இல் "பார்பரி கோஸ்ட்" படத்துக்கு அழைத்தபோது, பல்லோடு நடிக்கவா, இல்லாமல் நடிக்கவா என்று அவர் வினவியதாக இயக்குநர் ஹவார்ட் ஹோக்ஸ் பின்னாளிற் சொல்லுவதுண்டு.

துணைப் பாத்திரங்களுக்கான ஒஸ்கார் பரிசு 1936ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதல் வழங்கப்பட்டது. "கம் அண்ட் கெட் இட்" படத்தில் சுவீடன் நாட்டு மரவெட்டியாக வந்த பிரென்னன் அதனைப் பெற்றார். முதன்மை நடிகருக்குச் சிலை. துணை நடிகருக்கோ பட்டயம் மட்டுமே. இவ்வேற்றுமை 1943ஆம் ஆண்டுப் படங்களுக்கான பரிசளிப்பிலேதான் நீங்கிற்று. 1938இல் "கென்டக்கி", 1940இல் "த வெஸ்டேர்னர்" ஆகியவற்றுக்கும் அப்பரிசு அவரையே சேர்ந்தது. துணை நடிகர் பரிசை மும்முறை பெற்ற ஆடவர் வேறெவரும் இன்றுவரை இலர்.

இதற்கு ஒரு குறை கூறுவர். அக்காலத்திற் கூட்ட நடிகர்களுக்கும் வாக்குரிமை கொடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் தம்மில் ஒருவருக்கே வாக்களித்தனர் என்பர். அவ்வுரிமை பிற்பாடு நீக்கப்பட்டது. நாட்கூலிக்கு நின்றவர்கள் தம்முள் ஒருவரை உயர்த்த விரும்பியிருந்தால் அதிற் பிழை காண எனக்கு மனமில்லை. அன்றியும், வாக்கினால் மட்டும் வந்த பரிசு என்போர் "த வெஸ்டேர்னர்" படத்தைப் பார்த்தல் வேண்டும்.

அதிலே அவர் நீதிபதி ரோய் பீன். மதுக்கடையிலே நீதிமன்றம் நடத்தி, எண்ணியபடி தூக்கிலிடும் கொடியவர். ஆயினும் லில்லி லாங்ட்ரி என்னும் நாடக நடிகையைக் காணாமலே வழிபடுகிறார். இறுதியில் நாடகக் கொட்டகையின் நுழைவுச்சீட்டு முழுவதையும் தாமே வாங்கி, வெற்று ஆசனங்களின் நடுவே தனியராய் அமர்ந்திருக்கிறார். திரை விலகுகிறது, மேடையில் நிற்பவள் லில்லி அல்லள், துப்பாக்கியுடன் கேரி கூப்பர்! கொடியவன்மீதே நமக்கு இரக்கம் பிறக்கிறது. கதாநாயகர் கூப்பர், நெஞ்சில் நிற்பவரோ பிரென்னன்.

1948இல் "ரெட் ரிவர்" படத்தில் அப்பொய்ப்பல்லே கதைக்குள்ளும் நுழைந்தது. சூதாட்டத்தில் அதைத் தோற்றுவிட்டு, உணவு வேளைகளில் மட்டும் திரும்பப் பெறுகிறார். 1946இல் "மை டார்லிங் கிளெமென்டைன்" படத்திலோ அச்சிரிப்பு ஒன்றுமில்லை. மக்களைச் சாட்டையால் அடிக்கும் இரக்கமற்ற தந்தை அவர்.

1957 முதல் 1963 வரை "த ரியல் மக்கோய்ஸ்" என்னும் தொலைக்காட்சித் தொடரிற் பாட்டனாராக வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கரின் கிழவராய் விளங்கிய அவர் 1974இற் காலமானார்.