மியூனிக் தோற்ற இடத்தில்…

2003-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர மன்றம், விண்டோஸை விட்டு கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. அதைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயரிடம் பேசினார். நகரம் மசியவில்லை. 'லிமக்ஸ்' என்ற அந்தத் திட்டம் பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகளை எட்டியது. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சி கணக்குக் காட்டியது. ஆனாலும் 2017-இல் அதே மன்றம் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது.

லினக்ஸ் மீது பழி போடுவது எளிது. வெளியிலிருந்து வந்த வேர்டு கோப்புகள் வடிவம் குலைந்து திறந்தது உண்மைதான். ஆனால், நகராட்சியின் கணினிப் பிரிவுகள் சிதறிக்கிடந்ததே பெரிய சிக்கல் என்பது ஆய்வில் தெரியவந்தது. மேயர் மாறியதும் திட்டத்தைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லை.

வடக்கில் ஒரு மறுமுயற்சி

இப்போது ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் அதே பாதையில் இறங்கியிருக்கிறது. 30,000 அரசு ஊழியர்களின் கணினிகளில் லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளை நிறுவும் முடிவை 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 அக்டோபருக்குள் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை அவுட்லுக்கிலிருந்து தண்டர்பேர்டு என்ற கட்டற்ற அஞ்சல் செயலிக்கு மாற்றியது. நடுவே ஊழியர்களிடமிருந்து புகார்கள் எழுந்தன. பொறுப்பு அமைச்சர் டிர்க் ஷ்ரோட்டர் குறைகளை ஒப்புக்கொண்டார், திட்டத்தைக் கைவிடவில்லை.

இந்த மாநிலம் வகுத்திருக்கும் வரிசை முக்கியமானது. முதலில் ஆவணம், அடுத்து அஞ்சல், கடைசியில்தான் இயங்குதளம். அன்றாடம் தொடும் செயலிகள் கைக்குப் பழகிவிட்டால், அடியில் ஓடுவது லினக்ஸா விண்டோஸா என்ற பதற்றம் ஊழியருக்கு இருக்காது.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது?

உரிமக் கட்டணம் மிச்சமாவதோடு அரசின் கடமை முடிவதில்லை. லிப்ரே ஆபீஸின் பிழைகளைத் திருத்துபவர்களுக்கும் வயிறு உண்டு. ஜெர்மன் அரசின் நிதியில் இயங்கும் சாவரின் டெக் ஃபண்ட், லினக்ஸின் முக்கிய மேசைத்தளமான க்னோமுக்கு 2023-இல் பத்து லட்சம் யூரோ ஒதுக்கியது. பார்வையற்றோர் பயன்படுத்தும் வசதிகளைச் சீராக்குவதும் அந்த வேலைகளில் ஒன்று. தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை மட்டும் நம்பினால், இத்தகைய வேலைகள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும்.

லினக்ஸுக்கு மாற நினைக்கும் எந்த அரசும் மூன்றை உறுதிசெய்ய வேண்டும்: ஆட்சி மாறினாலும் தொடரும் திட்டம், குறை கேட்டு உடனே தீர்க்கும் சொந்தக் குழு, மூல மென்பொருளை உருவாக்குவோருக்கு ஆண்டுதோறும் நிதி. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்கும் மாற்றம், அடுத்த தேர்தலைத் தாண்டாது.