விஜயகாந்த்

விஜயகாந்த் (ஆகஸ்ட் 25, 1952 - டிசம்பர் 28, 2023) தமிழ்த் திரைப்பட நடிகரும் அரசியல்வாதியும் ஆவார். இவரது இயற்பெயர் விஜயராஜ். ரசிகர்களால் "கேப்டன்" என்றும் "புரட்சிக் கலைஞர்" என்றும் அழைக்கப்பட்டார். 150க்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்துள்ளார். இவற்றுள் பெரும்பாலானவை சண்டைக் காட்சிகளுக்கு முதன்மை தரும் படங்களாகும். 2005 இல் தேசிய முற்போக்கு திராவிட கழகத்தை (தேமுதிக) நிறுவினார். 2011 முதல் 2016 வரை தமிழ்நாடு சட்டப்பேரவையின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அக்காலத்தில் இவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ரிஷிவந்தியம் தொகுதி, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.

இளமைக் காலம்

அழகர்சாமி, ஆண்டாள் ஆகியோரின் மகனாகப் பிறந்த விஜயகாந்த், மதுரையில் வளர்ந்தார். தந்தை அங்கு அரிசி ஆலை நடத்தி வந்தார். பள்ளிப் படிப்பைவிடத் திரைப்படத்தில் நாட்டம் கொண்டிருந்த இவர், நண்பர் இப்ராகிம் ராவுத்தருடன் சென்னைக்கு வந்து வாய்ப்புத் தேடினார். ராவுத்தர் பின்னாளில் இவரது பல வெற்றிப் படங்களைத் தயாரித்தார்.

திரை வாழ்க்கை

1979 இல் எம். ஏ. காஜா இயக்கிய இனிக்கும் இளமை திரைப்படத்தில் எதிர்மறை வேடத்தில் அறிமுகமானார். கே. விஜயன் இயக்கிய தூரத்து இடிமுழக்கம் (1980) இந்தியப் பனோரமா பிரிவுக்குத் தேர்வானது. ஆயினும், எஸ். ஏ. சந்திரசேகர் இயக்கிய சட்டம் ஒரு இருட்டறை (1981) திரைப்படமே இவருக்குத் திருப்புமுனையாக அமைந்தது. சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிய கொலையாளிகளை, அதே சட்டத்தின் ஓட்டைகளைப் பயன்படுத்திப் பழிவாங்கும் இளைஞனின் கதை அது. தெலுங்கில் சிரஞ்சீவியும், இந்தியில் (அந்தா கானூன், 1983) ரஜினிகாந்தும் நடிக்க இக்கதை மீண்டும் படமாக்கப்பட்டது. சட்டம் கைவிட்ட இடத்தில் தனிமனிதன் நீதி வழங்கும் இந்தக் கரு, விஜயகாந்தின் திரை வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது.

குறைந்த செலவில் விரைவாக எடுக்கப்படும் படங்களுக்கு ஏற்ற நாயகனாக இவர் விளங்கினார். 1984 இல் மட்டும் இவர் கதாநாயகனாக நடித்த 18 படங்கள் வெளியாயின. அவற்றுள் நூறாவது நாள், வைதேகி காத்திருந்தாள் ஆகியவை பெரும் வெற்றி பெற்றன. அடுத்த ஆண்டில் முப்பரிமாண முறையில் எடுக்கப்பட்ட அன்னை பூமி படத்தில் நடித்தார். புதிய இயக்குநர்களுக்குத் தொடர்ந்து வாய்ப்பளித்தது இவரது குறிப்பிடத்தக்க பங்களிப்பாகும். சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய ஊமை விழிகள் (1986) படத்தில், தன் வயதைவிட முதிர்ந்த காவல்துறை அதிகாரியாக நடித்தார். அப்படத்தின் வெற்றி, திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் வணிகப் படங்களுக்குள் நுழைய வழி திறந்தது. ஆர். கே. செல்வமணியும் புலன் விசாரணை (1990) படத்தின் மூலம் இவ்வாறு அறிமுகமானவரே.

"கேப்டன்" என்னும் பெயர்

விஜயகாந்தின் 100ஆவது திரைப்படம் கேப்டன் பிரபாகரன் (1991). சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனை நினைவூட்டும் வீரபத்திரன் என்னும் வேடத்தில் மன்சூர் அலிகான் நடித்தார். அவனைப் பிடிக்கக் காட்டுக்குள் செல்லும் வனத்துறை அதிகாரியாக விஜயகாந்த் நடித்தார். ரஜினிகாந்த், கமல்ஹாசன் ஆகியோரின் 100ஆவது படங்கள் வணிக வெற்றி பெறாத நிலையில், இப்படம் பெருவெற்றி பெற்றது. அதன் பின்னர் "கேப்டன்" என்பதே இவரது நிலைத்த அடைமொழியானது.

சண்டைக் காட்சிகளில் கைகளைவிடக் கால்களையே மிகுதியாகப் பயன்படுத்தினார். சுவரில் ஒரு காலை ஊன்றி உந்தி, சுழன்று மறு காலால் உதைப்பது இவரது தனி முத்திரையாகும். காவல்துறை அல்லது அரசு அதிகாரி வேடங்களும், நீண்ட வசனங்களும் இவரது படங்களின் பிற அடையாளங்கள். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய ரமணா (2002) படத்தில் இந்த வசனங்கள் புள்ளிவிவரங்களாக மாறின. ஊழல் அதிகாரிகளைத் தண்டிக்கும் பேராசிரியராக இவர் நடித்த அப்படம், தெலுங்கிலும் (தாகூர், 2003) பின்னர் கன்னடத்திலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. பிற மொழிகளில் இவரது கதைகள் புகழ்பெற்ற போதிலும், இவர் தமிழ்ப் படங்களில் மட்டுமே நடித்தார்.

தென்னிந்திய நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலை நிகழ்ச்சிகள் நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரே உணவு வழங்கச் செய்ததும் இவரைப் பற்றிப் பரவலாக நினைவுகூரப்படுகிறது.

அரசியல்

2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார். 2006 சட்டமன்றத் தேர்தலில் கூட்டணியின்றிப் போட்டியிட்ட கட்சி, சுமார் 8.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டுமே வென்றார்.

மேற்கே கல்வராயன் மலையும் அதன் அடிவாரத்தில் கச்சிராயபாளையமும் அமைந்துள்ள கள்ளக்குறிச்சிப் பகுதி (2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதி), இவரது அரசியலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே கண்டது. 2009 மக்களவைத் தேர்தலில் கள்ளக்குறிச்சித் தொகுதியில் இவரது மைத்துனர் எல். கே. சுதீஷ் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 2011 இல் அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் போட்டியிட்ட தேமுதிக 29 இடங்களை வென்றது. விஜயகாந்த் ரிஷிவந்தியத்தில் காங்கிரசு வேட்பாளரைத் தோற்கடித்தார். திமுக 23 இடங்களையே பெற்றதால், தேமுதிக முதன்மை எதிர்க்கட்சியானது.

அதிமுகவுடனான உறவு விரைவில் முறிந்தது. தேமுதிக உறுப்பினர்கள் சிலர் ஆளுங்கட்சி பக்கம் சாய்ந்தனர். 2016 பிப்ரவரியில் எட்டு உறுப்பினர்கள் பதவி விலகியதை அடுத்து, எதிர்க்கட்சித் தலைவர் தகுதியை இவர் இழந்தார். அதே ஆண்டுத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணியுடன் இணைந்து, முதலமைச்சர் வேட்பாளராகக் களமிறங்கினார். ரிஷிவந்தியத்திற்கு அருகிலுள்ள உளுந்தூர்ப்பேட்டையில் போட்டியிட்டு மூன்றாம் இடத்தையே பெற்றார். கட்சியின் வாக்கு விழுக்காடு 2.4 ஆகக் குறைந்தது. ஓர் இடமும் கிடைக்கவில்லை.

தனிமனிதன் அநீதியைத் தட்டிக்கேட்கும் திரைப் பிம்பம், இரு பெரும் கட்சிகளுக்கும் மாற்றுத் தேடிய வாக்காளர்களிடம் இவருக்கு ஆதரவைத் திரட்டித் தந்தது. ஆனால் அந்த ஆதரவு பெரிதும் இவர் ஒருவரையே சார்ந்திருந்தது. கூட்டணி மாற்றங்களும் உடல்நலக் குறைவும் சேர்ந்தபோது கட்சியால் அதைத் தக்கவைக்க இயலவில்லை.

மறைவு

சில ஆண்டுகள் உடல்நலம் குன்றியிருந்த விஜயகாந்த், 2023 டிசம்பர் 28 அன்று சென்னையில் காலமானார். அவரது உடல் மறுநாள் அரசு மரியாதையுடன் கோயம்பேட்டிலுள்ள கட்சித் தலைமையகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. இவருக்கு மனைவி பிரேமலதாவும் விஜய பிரபாகரன், சண்முக பாண்டியன் என்னும் இரு மகன்களும் உள்ளனர்.

விருதுகள்

தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது - 2001
பத்ம பூசண் விருது (மறைவுக்குப் பின்) - 2024

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

சட்டம் ஒரு இருட்டறை (1981)
வைதேகி காத்திருந்தாள் (1984)
அம்மன் கோவில் கிழக்காலே (1986)
ஊமை விழிகள் (1986)
செந்தூரப் பூவே (1988)
புலன் விசாரணை (1990)
கேப்டன் பிரபாகரன் (1991)
சின்ன கவுண்டர் (1992)
சேதுபதி ஐ.பி.எஸ். (1994)
வானத்தைப்போல (2000)
ரமணா (2002)
விருதகிரி (2010, இயக்குநராகவும்)