வாயில்லா நோயாளியின் தாதிக்கு ஒரு பரீட்சை

வைத்தியசாலைக்கு வரும் மனிதன் தன் நோவை வாய்விட்டுச் சொல்வான். நாயும் பூனையும் அங்ஙனம் சொல்ல மாட்டா. மயக்க மருந்தின் பிடியில் அவை கிடக்கும்போது, மூச்சையும் நாடித்துடிப்பையும் இடைவிடாது கவனிப்பவர் யார்? சத்திர சிகிச்சை செய்யும் மிருக வைத்தியரின் கவனமெல்லாம் கத்தியின் முனையிலே இருக்கும். ஆகவே, அப்பொறுப்பு அருகில் நிற்கும் உதவியாளரைச் சார்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவரை மிருக வைத்தியத் தொழினுட்பவியலாளர் என்பர்.

ஆதியில் இத்தொழிலுக்கெனத் தனிக்கல்வி இருக்கவில்லை. வைத்தியரிடம் வேலைக்கு அமர்ந்தவர்கள் பார்த்துப் பழகியே கற்றனர். 1961ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்து அரசாங்கக் கல்லூரியொன்று இதற்கெனப் பாடநெறியை ஆரம்பித்தது. இன்று பெரும்பாலான மாநிலங்களில், அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் அங்கீகரித்த பாடநெறியொன்றை முடித்தவரே அநுமதிப்பத்திரம் பெறலாம். சாதாரணமாக இதற்கு இரண்டாண்டுகள் செல்லும்.

கல்வி முடிந்ததும் தேசியப் பரீட்சை காத்திருக்கின்றது. மூன்று மணி நேரத்தில் 170 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். அவற்றுள் 150 வினாக்களுக்கே புள்ளி உண்டு. எஞ்சிய 20 வினாக்களும் வருங்காலப் பரீட்சைகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை எவையென்பது பரீட்சார்த்திக்குத் தெரியாது. 200 முதல் 800 வரையான அளவுகோலில் 425 பெற்றவர் சித்தியடைவார். மருந்தியல், சத்திர சிகிச்சைத் தாதிமை, மயக்க மருந்து, ஆய்வுகூடச் சோதனை, எக்ஸ் கதிர்ப் படம், பல் மருத்துவம், அவசர சிகிச்சை, நோவு தணித்தல் முதலிய துறைகளிலிருந்து வினாக்கள் வரும்.

இத்தனை கடுமை எதற்கு? பத்துக் கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு, கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம் வீதம் ஒரு மருந்து கொடுக்க வேண்டுமென வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 மில்லிகிராம். தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் அது 20 மில்லிகிராம் ஆகிவிடும். மனிதரின் காய்ச்சலைத் தணிக்கும் பரசிற்றமோலும் பூனைக்கு நஞ்சாகும். அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. இவற்றை அறியாத கை அன்புள்ள கையாயினும் ஆபத்தான கையே.

அநுமதிப்பத்திரம் ஓர் எல்லையையும் வகுக்கின்றது. இரத்தம் எடுத்தல், மருந்தேற்றுதல், மயக்கத்தைக் கண்காணித்தல் ஆகியன தொழினுட்பவியலாளருக்கு உரியவை. நோயை நிர்ணயித்தல், அதன் போக்கை முன்னுரைத்தல், மருந்து விதித்தல், சத்திர சிகிச்சை செய்தல் ஆகிய நான்கும் வைத்தியருக்கே உரியவை.

எனினும், சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவிலே, அங்கீகாரம் பெற்ற பாடநெறியைப் பயிலாதவருக்கும் வேறொரு வழி உண்டு. வைத்தியரின் மேற்பார்வையில் குறைந்தது 24 மாத காலத்தில் 4,416 மணி நேரம் பணியாற்றி, 300 மணி நேரப் போதனையும் பெற்றவர் பரீட்சைக்குத் தோற்றலாம். சில மாநிலங்களிலோ இப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை. பரீட்சை எழுதாதவரும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். தன் நாயை ஒப்படைக்கும் உரிமையாளர், அதனை ஏந்தும் கை பயின்ற கையா, பயிலாத கையா என்பதை அறிய வழியில்லாது போகின்றது. இப்பெயரை எங்கும் சட்டத்தாற் காக்க வேண்டுமென இத்தொழிலினர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

பிழை நேர்ந்தால் மனித நோயாளி முறையிடலாம்; விலங்கு முறையிடாது. ஆதலின், அதனைத் தொடுவதற்கு முன்பே கையின் தகுதியைச் சோதித்தறிதல் முறையாகின்றது.