தோட்டக் குப்பைக்குத் தனிக் காசா? கவுன்சில் கருத்து கேட்டா என்ன சொல்றது?

இங்கிலாந்துல இருக்கிற நம்ம நேயர்களுக்காக இன்னைக்கு ஒரு குப்பை விஷயம். உங்க ஊர் கவுன்சில்ல இருந்து அப்பப்போ ஒரு மெயில் வரும். தோட்டக் கழிவு சேகரிப்பை எப்படித் தொடரலாம், உங்க கருத்து என்னன்னு கேட்டிருப்பாங்க. நம்மள்ல பல பேர் அதைத் திறக்கவே மாட்டோம். திறந்தாலும் "இலவசமாவே இருக்கட்டும்"னு டிக் பண்ணிட்டுப் போயிடுவோம். ஆனா அந்த ஒரு டிக்குக்குப் பின்னாடி யார் காசு, யாருக்குன்னு ஒரு பெரிய கேள்வி இருக்கு.

முதல்ல சட்டம். 1990-ம் வருஷ சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக் குப்பையை கவுன்சில் பொதுவா இலவசமாத்தான் எடுக்கணும். சில வகைக் குப்பைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தோட்டக் கழிவு அதுல ஒண்ணு. 2012-ல வந்த விதிகள் இதை இன்னும் தெளிவாக்குச்சு: வீட்டு வாசல்ல வந்து எடுத்துட்டுப் போறதுக்குக் காசு வாங்கலாம், எடுத்துட்டுப் போனதைப் பதப்படுத்துறதுக்கு வாங்கக் கூடாது. வெட்டின புல், வேலிச்செடி, உதிர்ந்த இலை எல்லாத்துக்கும் இதுதான் கணக்கு. 2021-ல, எல்லா ஊர்லயும் இதை இலவசமாக்கலாமான்னு அரசாங்கம் யோசிச்சது. கடைசியில, காசு வாங்கலாமா வேண்டாமான்னு கவுன்சிலே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டாங்க.

சரி, கவுன்சில் ஏன் காசு கேக்குது? கவுன்சில் டாக்ஸை இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. ஒரு வரம்பைத் தாண்டணும்னா உள்ளூர்ல பொது வாக்கெடுப்பு நடத்தணும். முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு மாதிரி வேலைகளைச் சட்டப்படி செஞ்சே ஆகணும். அதுக்கான செலவும் ஏறிக்கிட்டே போகுது. அப்போ எதுல கட்டணம் போடச் சட்டம் இடம் குடுக்குதோ, கை அங்கதான் முதல்ல போகும். பர்மிங்காம் கவுன்சில் 2014-லயே வருஷத்துக்கு 35 பவுண்டுன்னு சந்தா போட்டுச்சு.

இதுல கவுன்சில் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. நாலாவது மாடி ஃபிளாட்ல இருக்கிறவருக்குத் தோட்டமே கிடையாது. இலவசம்னா, பெரிய புல்வெளி வச்சிருக்கிற வீட்டுக்காக அவரும் சேர்த்துத்தான் வரி கட்டுறார். நம்மள்ல நிறைய பேர் அந்த ஃபிளாட்டுலதான் இருக்கோம்.

அப்போ சந்தாதான் சரின்னு முடிச்சிடலாமா? இன்னொரு பக்கத்தையும் பாருங்க. காசுன்னதும் எல்லாரும் சந்தா கட்ட மாட்டாங்க. சிலர் வீட்டுலயே மக்க வைப்பாங்க, அது நல்லது. கார் இருக்கிறவங்க கவுன்சிலோட குப்பை மையத்துக்குக் கொண்டு போவாங்க. மிச்சப் பேர் கருப்புப் பின்ல அமுக்குவாங்க, இல்லன்னா தெருவோரமா கொட்டுவாங்க. கருப்புப் பின்ல போனா அது எரி உலைக்கோ குப்பைமேட்டுக்கோ போகும். குப்பைமேட்டுல காத்து படாம மக்குறப்போ மீத்தேன் வரும். பணமாவும் அது லேசு இல்ல. 1996-ல டன்னுக்கு 7 பவுண்டா ஆரம்பிச்ச குப்பைமேட்டு வரி, 2025 ஏப்ரல்ல 126.15 பவுண்டு ஆயிடுச்சு. அதே புல்லைத் தனியா எடுத்தா, திறந்தவெளியில நீளமான குவியலாப் போட்டு, கிளறிவிட்டு, சில மாசத்துல உரமாக்கிடலாம். குப்பையிலயே சுலபமா மறுசுழற்சி ஆகுறதுல இதுவும் ஒண்ணு.

இங்க ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. லண்டனுக்கு வெளியே பல ஊர்கள்ல குப்பையை எடுக்கிறது மாவட்ட கவுன்சில். அதை அகற்றுறது அதுக்கு மேல இருக்கிற கவுண்டி கவுன்சில். மாவட்டம் லாரியை நிறுத்தி மிச்சம் பிடிச்சா, கருப்புப் பின்ல ஏறுற எடைக்கான பில் கவுண்டிக்குப் போகும். ரெண்டுக்கும் வரி கட்டுறது நீங்கதான். அதனால "சேமிப்பு"ன்னு ஒரு தொகை சொன்னாங்கன்னா, அது யாரோட கணக்குலன்னு கேளுங்க.

மறுசுழற்சி சதவீதத்தையும் அப்படியே நம்பிடாதீங்க. அதை எடை வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க. ஈரப் புல் கனம் ஜாஸ்தி. ஒருத்தர் வீட்டுலயே உரம் போட்டா அது கணக்குலயே வராது. அதனால சதவீதம் குறைஞ்சாலும் ஊர் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல. கூடினாலும் நல்லாயிடுச்சுன்னு அர்த்தமில்ல.

வாடகைக்கு இருக்கிறவங்க தங்களோட ஒப்பந்தத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. தோட்டத்தைப் பராமரிக்கிறது வாடகைதாரர் பொறுப்புன்னு பல ஒப்பந்தங்கள்ல ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தா, புல் வீட்டு ஓனருக்கு, சந்தா உங்களுக்கு.

அப்போ அந்த மெயிலுக்கு என்ன பதில் எழுதுறது? இலவசம், கட்டணம்னு ரெண்டே வழி இல்ல. குளிர்காலத்துல புல் வளராது, அந்த மாசங்கள்ல மட்டும் லாரியை நிறுத்தலாம். வருமானம் குறைஞ்சவங்களுக்குச் சலுகை கேக்கலாம். நாலு வீடு சேர்ந்து ஒரு பின்னைப் பகிர்ந்துக்க அனுமதி கேக்கலாம். வீட்டுல உரம் போடுற தொட்டியை மலிவு விலையில கேக்கலாம். கூடவே மூணு கேள்வி போடுங்க: எத்தனை வீடு சந்தா கட்டும்னு கணக்குப் போட்டிருக்கீங்க? கருப்புப் பின்ல எவ்வளவு எடை கூடும்? தெருவுல கொட்டினா அள்ளுற செலவைச் சேர்த்தாச்சா?

"நாம எழுதி என்ன ஆகப்போகுது, முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க"ன்னு தோணலாம். லண்டன் ப்ரெண்ட் கவுன்சில் சம்பந்தப்பட்ட ஒரு பள்ளிக்கூட வழக்குல, 1985-ல கன்னிங் கோட்பாடுகள்னு நாலு விதி உருவாச்சு. முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடியே கருத்துக் கேக்கணும். காரணத்தைப் போதுமான அளவு சொல்லணும். பதில் சொல்ல நேரம் குடுக்கணும். வந்த பதிலை மனசாட்சியோட பரிசீலிக்கணும். இதை மீறி எடுத்த முடிவை நீதிமன்றம் ரத்து பண்ணலாம். நீங்க சொன்னதை அப்படியே செஞ்சாகணும்னு இந்த விதிகள் சொல்லல. ஆனா படிக்காமத் தூக்கிப் போட முடியாது.

அதனால அடுத்த தடவை அந்த மெயில் வந்தா டெலீட் பண்ணாதீங்க. பத்து நிமிஷம் ஒதுக்கி, டிக்கோட நிறுத்தாம, கீழே இருக்கிற காலிக் கட்டத்துல உங்க கேள்விகளை எழுதிப் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.