உங்களுக்குத் தெரியுமா? ஊசி குத்திய இடத்தில் கொப்புளம்!

வாய்ப்புண் வந்தால் 'உடம்புச் சூடு' என்று மணத்தக்காளிக் கீரையைத் தேடுவோம். பெரும்பாலும் சில நாளில் ஆறியும் விடும். ஆனால் வாயிலும் பிறப்புறுப்பிலும் புண், கண்ணில் அழற்சி என்று ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால்? இவை தனித்தனிக் கோளாறுகள் அல்ல, ஒரே நோய்தான் என்று 1937இல் எழுதினார் இஸ்தான்புல் தோல் மருத்துவர் ஹுலூசி பெஹ்செட். இன்று அது பெஹ்செட் நோய்.

ரத்தக்குழாய் அழற்சிதான் இதன் அடிப்படை. தொற்றாது. துருக்கியில் மிக அதிகம்; கிழக்கே ஜப்பான் வரை பழைய வணிகப் பாதை நெடுகக் காணப்படுவதால் 'பட்டுப் பாதை நோய்' என்றும் சொல்வார்கள்.

சோதனைதான் விசித்திரம். முன்கையில் சுத்தமான ஊசியால் குத்திவிட்டு, 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். நமக்கென்றால் தடமே தெரியாது. இந்நோயாளிகள் பலருக்கோ, குத்திய இடத்தில் சிவந்த தடிப்போ சீழ்க் கொப்புளமோ கிளம்பியிருக்கும். துருக்கியில் அடிக்கடி பலிக்கும் இந்தச் சோதனை, மேற்கு ஐரோப்பாவில் அவ்வளவாகப் பலிப்பதில்லை!

புண்களுக்குத் தரும் மருந்துகளில் ஒன்று கோல்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில் அது உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் 'கண்வலிக் கிழங்கு' என்று பயிரிடுவது அந்த விதைக்காகத்தான். செடி முழுக்கக் கொடிய விஷம். கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். கண் சிவந்து பார்வை மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இந்நோயில் பார்வையே பறிபோனவர்கள் உண்டு.